தொடக் கூடாதாம், சின்னவன் சமாளிப்பானா?

கேள்வி: விடுமுறையில் 9 வயது மகளையும் 4 வயது மகனையும் பொம்மை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறோம். எதையும் தொடக் கூடாதாமே, சின்னவன் சமாளிப்பானா?

பதில்: கஷ்டம்தான். பொம்மையைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு ‘சும்மா பார்’ என்றால் எனக்கே கை துறுதுறுக்கும். தொட்டு விளையாடத் தனி அறை உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் அங்கே கடைசியாகப் போங்கள். முதலிலேயே நுழைந்தால் அப்புறம் அவனை வெளியே கிளப்புவதற்குள் உங்கள் பாடு திண்டாட்டம்!

எல்லா அலமாரியையும் பார்த்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொள்ள வேண்டாம். சாவி கொடுத்தால் ஓடும் தகரப் பொம்மை கண்ணில் பட்டால் அங்கே நின்றுவிடுங்கள். சின்னவனைத் தூக்கிக்கொண்டு, சாவி எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். பெரியவளுக்கு உள்விவகாரம் பிடிக்கும்: சாவியைத் திருகத் திருக எஃகு ஸ்பிரிங் இறுகும், பிறகு அது மெல்லத் தளரும்போது பற்சக்கரங்கள் சுழன்று பொம்மை நகரும். என் பேத்தி இதைக் கேட்டதும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நகரவே மறுத்தாள். லெகோ கட்டைகள் இருந்தால் உங்கள் பெரியவளிடம் இன்னொன்றும் சொல்லலாம். இன்றைய வடிவத்துக்குக் காப்புரிமை கோரியது 1958-ல். அப்போது செய்த கட்டையும் இப்போதைய கட்டையோடு கச்சிதமாகப் பொருந்தும்.

வெளியேறும் வழியில் கடை இருக்கலாம். ஆளுக்கு ஒன்றா, ஒன்றும் இல்லையா என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள்.