கேள்வி – பதில்: சோதனையைத் தேர்ந்து தரும் நிரல் புள்ளியியலைக் கற்பிக்குமா?

கேள்வி: இளநிலை வகுப்புகளுக்குப் புள்ளியியல் கற்பிக்கிறேன். டி-சோதனை (சராசரிகளை ஒப்பிடுவது), கை-வர்க்கச் சோதனை (எண்ணிக்கைகளை ஒப்பிடுவது) என்று தனித்தனியே கணக்குக் கொடுத்தால் மாணவர்கள் பிழையின்றிச் செய்கிறார்கள். எந்தச் சோதனை என்று சொல்லாமல் தரவை மட்டும் கொடுத்தால் திணறுகிறார்கள். தக்க சோதனையைத் தேர்ந்து சொல்லும் ‘வல்லுநர் அமைப்பு’ என்னும் கணினி நிரல்களை அவர்களிடம் கொடுக்கலாமா? அது சோம்பலை வளர்த்துவிடாதா?

பதில்: பாடநூல்களின் அமைப்பே இந்தத் திணறலுக்கு ஒரு காரணம். அத்தியாயத்தின் முடிவில் வரும் பயிற்சிக் கணக்குகள் எல்லாம் அந்த அத்தியாயத்தின் சோதனைக்கே உரியவை என்பதால், எதைப் பயன்படுத்துவது என்று முடிவெடுக்கும் வேலையை மாணவருக்காக நூலே செய்து முடித்துவிடுகிறது. வல்லுநர் அமைப்பும் அதே உபகாரத்தைச் செய்யுமானால் உங்கள் அச்சம் நியாயமானதே.

துறை வல்லுநரின் அறிவை ‘இன்னது இருந்தால் இன்னது செய்’ என்னும் விதிகளாகத் தொகுத்து வைத்து, பயன்படுத்துபவரிடம் கேள்விகள் கேட்டு, அவர் தரும் விடைகளை அந்த விதிகளோடு பொருத்தி ஒரு முடிவுக்கு வரும் நிரலையே வல்லுநர் அமைப்பு என்கிறோம். புள்ளியியலில் இதற்கு முன்னோடி, 1980களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் வில்லியம் கேல், டாரில் பிரெகிபன் ஆகிய இருவரும் உருவாக்கிய ‘ரெக்ஸ்’. தொடர்புப்போக்குப் பகுப்பாய்வில் (ஒரு மாறி மற்றொன்றோடு எவ்வாறு மாறுகிறது என்று கோடு பொருத்திப் பார்ப்பதில்) அனுபவமற்ற ஒருவரின் தரவு தேவையான நிபந்தனைகளுக்கு உட்படுகிறதா என்று பார்த்து, உட்படாதபோது என்ன மாற்றம் செய்யலாம் என்று அது ஆலோசனை கூறியது. அதன் நோக்கம் பகுப்பாய்வு செம்மையாக நடப்பது. பயன்படுத்துபவர் கற்றுக்கொள்கிறாரா என்பது வேறு கேள்வி.

அந்த வேறு கேள்விக்கு மருத்துவத் துறையில் ஒரு பாடம் கிடைத்தது. 1970களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான ‘மைசின்’, ஏறத்தாழ 500 விதிகளைக் கொண்டு தொற்றுநோய்களைக் கண்டறிய உதவியது. அவ்விதிகளையே கொண்டு மாணவர்களுக்குக் கற்பிக்க முடியும் என்று எண்ணி வில்லியம் கிளான்சி ‘கைடன்’ என்ற அமைப்பை உருவாக்கினார். விதிகள் முடிவுக்கு வரப் போதுமானவையாக இருந்தன. ஆனால் ஒரு விதி ஏன் செல்லும், வல்லுநர் எந்த வரிசையில் எதை முதலில் ஐயுறுகிறார் என்பவை அவற்றில் எழுதப்படவே இல்லை. கற்பவருக்கு வேண்டியவையோ அவைதாம். ஆகவே விதிகளின் தொகுப்பாகிய அறிவுத் தளத்தையே கிளான்சி புதிதாக வடிவமைக்க வேண்டியதாயிற்று.

புள்ளியியலிலும் இதுதான் நிலை. ஐந்து பேர் ஒரு பயிற்சிக்கு முன் பெற்ற மதிப்பெண்கள் 40, 55, 62, 70, 83. பயிற்சிக்குப் பின் அதே வரிசையில் 44, 58, 67, 73, 88 என்று கொள்வோம். இரு வரிசைகளையும் தொடர்பற்ற இரு குழுக்களாகக் கருதிக் கணக்கிட்டால் டி மதிப்பு (சராசரி வேறுபாட்டைப் பிழை அளவால் வகுத்தது) 0.39 மட்டுமே; பயிற்சியால் பயன் இருந்ததாகச் சொல்ல இடமில்லை. ஒவ்வொருவரின் வேறுபாட்டையும் (4, 3, 5, 3, 5) எடுத்துக்கொண்டு இணைச் சோதனை செய்தால் டி மதிப்பு 8.94 ஆகிறது. சராசரி வேறுபாடு இரண்டிலும் 4 தான். மாறியது வகுக்கும் எண்ணாகிய பகுதி: ஆளுக்கு ஆள் உள்ள பெரிய ஏற்றத்தாழ்வு முதல் கணக்கில் பிழை அளவுக்குள் புகுந்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறது, இரண்டாவதில் அது கழிந்துவிடுகிறது.

‘இரு அளவீடுகளும் ஒரே நபருடையவையா?’ என்று கேட்டு, ‘ஆம்’ என்றதும் இணைச் சோதனையைச் செய்துகாட்டும் நிரலிடமிருந்து மாணவர் ஒரு விடையைப் பெறுவார், அவ்வளவே. முதலில் அவரையே ஒரு சோதனையைத் தேர்ந்தெடுக்கச் செய்து, காரணத்தையும் குறிக்கச் செய்து, தவறானால் உடனே திருத்தாமல் இரு கணக்குகளையும் அருகருகே வைத்து, ‘இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்கும் நிரலைத் தேடுங்கள். சரியான தேர்வுக்கும் அது காரணம் கேட்க வேண்டும். ஊகத்தால் சரியாகச் சொல்பவர்கள் எந்த வகுப்பிலும் உண்டு. இத்தகைய நிரலைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

கேள்வி: தரவைக் கொடுத்தால் நிரலே நிபந்தனைகளைச் சோதித்துவிடும் என்னும்போது, மாணவர் வரைபடம் வரைந்து பார்க்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். 1973-இல் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் நான்கு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். நான்கிலும் சராசரிகள் ஒன்றே, இரு மாறிகளின் தொடர்பை அளக்கும் ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.816, புள்ளிகளுக்குப் பொருத்தும் கோடும் ஒன்றே. வரைந்தால் ஒன்று வளைகோடு. இன்னொன்றில் ஒரே ஒரு புள்ளிதான் கோட்டின் சாய்வையே தீர்மானிக்கிறது. சுருக்க எண்களை மட்டும் பார்க்கும் விதி நான்கையும் ஒன்றாகவே நடத்தும். அதைவிட முக்கியமாக, தரவு எவ்வாறு திரட்டப்பட்டது என்பது எந்த நிரலுக்கும் எண்களிலிருந்து தெரியாது. மேலே கண்ட பத்து மதிப்பெண்களும் ஐந்து பேருடையவையா, பத்துப் பேருடையவையா என்பதை மாணவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: நிரல் எழுதத் தெரியாத ஆசிரியர் இதனை வகுப்பில் எவ்வாறு செய்து பார்ப்பது?

பதில்: விதிகளை மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள், தாளே போதும். ஒரு குழு ‘இப்படி இருந்தால் இந்தச் சோதனை’ என்று பத்து விதிகள் எழுதட்டும்; மற்றொரு குழு அவ்விதிகள் தவறான சோதனைக்கு இட்டுச்செல்லும் தரவு ஒன்றைத் தேடிக் கொண்டுவரட்டும். பெரும்பாலும் முதல் ஓட்டை, ‘மாதிரியின் அளவு 30-க்கு மேல் இருந்தால்’ என்று மனப்பாடமாக எழுதிய விதியில்தான் இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றோடு ‘தெரியவில்லை’ என்ற மூன்றாவது விடையையும் வைக்கச் சொல்லி, அவ்விடை வரும்போது என்ன செய்வது என்பதற்கும் ஒரு விதி எழுதச் சொல்லுங்கள். அதை எழுதத்தான் அவர்களுக்கு அதிக நேரம் பிடிக்கும்.