தையல் இடுப்புல, தம் வாயில, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஏற்காடு எஸ்டேட்ல ஜீப் ஓட்டுற ஒரு தம்பி கேட்டிருக்கார், வயசு 34, இடது இடுப்பு மூட்டுல லேப்ரம் கிழிஞ்சு சேலத்துல கீஹோல் ஆபரேஷன் பண்ணி 10 நாள் ஆச்சாம். "ஒரு நாளைக்கு 8 சிகரெட் புடிச்சவன், இப்ப 2 தான் சார், மேல குளிரு வேற, லங்ஸுக்குத்தானே கெடுதல், இடுப்புக்கு என்ன வந்துச்சு?"

தம்பி, 8ல இருந்து 2க்கு வந்ததே பெரிய விஷயம்தான், ஆனா அந்த 2 தான் இப்ப பிரச்சனை. உங்களுக்கு வண்டி தெரியும்ல, அதனால ஆயில் கசியாம அடைக்கற ரப்பர் வளையம், அந்த ஆயில் சீல வச்சே சொல்றேன். தொடை எலும்போட பந்து உக்கார்ற கிண்ணத்தோட விளிம்பச் சுத்தி ரப்பர் மாதிரி ஒரு வளையம் இருக்கு, அதுதான் லேப்ரம், மூட்டுக்குள்ள இருக்கற வழவழப்பு தண்ணி வெளிய போகாம புடிச்சு வைக்கறது அதான். வண்டில சீல் போனா கழட்டிட்டு புதுசு மாட்டிரலாம், இங்க அதே பழைய சீலத்தான் எலும்புல சின்ன ஆங்கர் அடிச்சு நூலால கட்டி வச்சிருக்காங்க, நூல் சும்மா புடிச்சுட்டு நிக்குது அவ்வளவுதான், எலும்போட ஒட்ட வேண்டியது உங்க உடம்பு வேலை, அதுக்கு மாசக்கணக்குல ஆகும். வெளிய ரெண்டு மூணு சின்ன ஓட்டைதான் தெரியுதுன்னு உள்ளயும் சின்ன காயம்னு நினைச்சுக்காதீங்க.

அந்த வளையத்துக்கு ரத்த ஓட்டமே கம்மி, ஓரத்துல இருந்து கசிஞ்சு வர்றதுதான். நீங்க ஒரு தம் இழுத்ததும் நிகோடின் அந்த பொடி ரத்தக்குழாய்ங்கள சுருக்கிடும், வர்ற கொஞ்சமும் குறையும். போதாக்குறைக்கு புகைல இருக்கற கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல கெட்டியா ரத்தத்துல ஒட்டிக்கும், அப்ப போய்ச் சேர்ற ரத்தத்துலயும் ஆக்சிஜன் பத்தாது. நிகோடின் எலும்பு கட்டற செல்லையும் மந்தமாக்கும், ஆங்கர் உக்காந்திருக்கறதே எலும்புலதான். நல்ல சேதி, கடைசி சிகரெட்டுக்கப்புறம் ஒரு நாள்லயே கார்பன் மோனாக்சைடு பெரும்பாலும் வெளியேறிடும், அதனால இன்னிக்கு நிறுத்தினாலும் லேட் இல்ல. இனிமேதான் ஆபரேஷன்னு இருக்கறவங்க 4 வாரம் முன்னாடியே நிறுத்திடுங்க.

பீடி லைட்டுன்னு மாறிடாதீங்க, லைட்டே கிடையாது. வாயில ஒதுக்கற புகையில, ஹான்ஸ், கூல் லிப்லயும் அதே நிகோடின்தான். நிகோடின் சூயிங்கம்ல புகை இல்லங்கறதால சிகரெட்ட விட எவ்வளவோ தேவல, ஆனா சர்ஜன கேட்டுட்டு போடுங்க.

இன்னொன்னு, இத யாரும் சொல்ல மாட்டாங்க. வீட்டுக்குத் தெரியாம பாத்ரூம் பின்னாடி போய் புடிக்கறவர நான் பாத்திருக்கேன், ஒரு கைல சிகரெட், ஊன்றுகோல செவுத்துல சாத்திட்டு நிப்பாரு, மொத்த வெயிட்டும் ஆபரேஷன் பண்ண கால்ல. புகை பண்ற கெடுதல் ஒரு பக்கம்னா அந்த நிப்பு இன்னொரு பக்கம், ஈரத்தரைல வழுக்கினா கேக்கவே வேணாம்.

முதல் 3 நாள் தலை வலிக்கும், எரிச்சலா வரும், பொண்டாட்டி மேல காரணமே இல்லாம கோவம் வரும், முன்னாடியே வீட்ல சொல்லி வச்சிருங்க. நமநமங்கறது வந்தா சில நிமிஷத்துல அடங்கிரும், அதுவரைக்கும் வாய்க்கு ஏதாவது வேணும், கீழ இருந்து வர்றவங்கள தட்டுவடை செட் வாங்கிட்டு வரச் சொல்லுங்க. 1800-11-2356க்கு போன் போட்டா விட வழி சொல்வாங்க, ஃப்ரீதான்.

கெண்டைக்கால் வீங்கி வலிச்சாலோ தையல்ல சீழ் வந்தாலோ காய்ச்சல் அடிச்சாலோ உடனே டாக்டருக்கு போன் பண்ணுங்க. மூச்சு வாங்குச்சு, நெஞ்சு வலிச்சுதுன்னா 108தான், விடியட்டும்னு காத்திருக்காதீங்க, 20 ஹேர்பின் இறங்கணும்ல.

இடது கால்ங்கறதால கிளட்ச் மிதிக்கறதப் பத்தி சர்ஜன் சொல்ற வரைக்கும் நினைக்கவே வேணாம். ரிவ்யூக்கு வரும்போது அந்த 2 சிகரெட்டையும் மறைக்காம சொல்லிடுங்க, எக்சர்சைஸ எப்ப கூட்டறதுன்னு அத வச்சும்தான் முடிவு பண்ணுவாங்க.