பழைய மேடு நிற்கிறதே, புதியதை ஏன் சாய்க்க வேண்டும்?

கேள்வி: எங்கள் நிலத்தை ஒட்டித் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு அனுமதி கேட்டிருக்கிறார்கள். கழிவு மண் மேட்டுக்கு ‘இறுதிச் சரிவு 1:3’ என்று திட்டத்தில் போட்டிருக்கிறது. பக்கத்திலேயே ஒரு பழைய மேடு இதைவிடச் செங்குத்தாகப் பல வருடமாக நிற்கிறது. பிறகு ஏன் இவ்வளவு சாய்க்க வேண்டும்? நிலம்தானே கூடுதலாகப் போகும்?
— ஒரு வாசகர்

பதில்: கூடுதலாகத்தான் போகும். 1:3 என்றால் 1 மீட்டர் உயரத்துக்கு 3 மீட்டர் தரை. 20 மீட்டர் உயர மேடு என்றால் ஒரு பக்கச் சரிவே 60 மீட்டர் தரையைப் பிடித்துக்கொள்ளும். அப்படியும் நான் 1:3 பக்கம்தான்.

டிப்பர் கொட்டுகிற கல்லும் மண்ணும் தானாக நிற்கும் சாய்வு பெரும்பாலும் 35 டிகிரியை ஒட்டியிருக்கும். உங்கள் பழைய மேடு அப்படி நிற்பதுதான். 1:3 என்பது சுமார் 18 டிகிரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மழையில் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் சுரங்கத்தில், கொட்டிய சாய்வை அப்படியே விட்டு அதன்மேல் மேல்மண் பரப்பிப் புல் விதைத்தோம். ஒரே இரவு மழை. காலையில் போய்ப் பார்த்தால் சரிவெங்கும் முழங்கால் ஆழத்துக்கு ஓடை ஓடையாக அரித்திருந்தது. மேல்மண் முழுவதும் அடிவாரக் கால்வாயில் சேறாகக் கிடந்தது. தோண்டத் தொடங்கிய நாளில் தனியாக எடுத்து, இரண்டு வருடம் பொத்திப் பாதுகாத்த மண் அது. டோசரை ஏற்றிச் சரிசெய்யலாம் என்றால், அந்தச் சாய்வில் குறுக்கே ஓட்ட முடியாது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

‘பல வருடமாக நிற்கிறது’ என்பதையும் நம்பிவிடாதீர்கள். வேல்ஸ் நாட்டு அபெர்ஃபானில் நிலக்கரிக் கழிவு மேடு ஒன்றை 1958 முதல் ஊற்றின்மேல் கொட்டி வந்தார்கள். 1966 அக்டோபர் 21 அன்று அது சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். உள்ளே தேங்கும் தண்ணீர் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. அதனால் மேடு வரப்போகும் இடத்தில் ஊற்றோ ஓடையோ இருந்தால் முதலில் அதை எழுத்தில் கொடுங்கள். சரிவு எண்ணைவிட அது முக்கியம்.

அப்புறம் பிணைத்தொகை, அதாவது நிலத்தைச் சீரமைப்பதற்கு உத்தரவாதமாக நிறுவனம் முன்கூட்டியே கட்டிவைக்கும் பணம். வேலை முடிந்ததும் திருப்பித் தந்துவிடுகிறார்களா, செடி வேர் பிடித்த பிறகா என்று கேளுங்கள். அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்கச் சட்டத்தில், விதைப்பும் நடவும் முடிந்த பிறகும் 5 வருடம் நிறுவனத்தின் பொறுப்பு தொடரும். ஆண்டு மழை 26 அங்குலமோ அதற்குக் குறைவோ உள்ள இடத்தில் 10 வருடம்.

அடுத்த மழை விட்டதும் அந்தப் பழைய மேட்டைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள், மேலே ஏற வேண்டாம். அடிவாரத்தில் வண்டல் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அளந்து, படத்தோடு உங்கள் மனுவில் சேருங்கள்.