பல்லைப் பார்த்து முயலின் வயதைச் சொல்ல முடியுமா?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "கொழும்புக்கு இடமாற்றம் கிடைத்துச் சென்ற அயல்வீட்டார் தங்கள் வெள்ளைப் பெண் முயலை எங்களிடம் தந்துவிட்டுப் போனார்கள். இரண்டு வயது இருக்கும் என்றார்கள். ஆனால் அவர்களும் அதை வளர்ந்த முயலாகவே இன்னொருவரிடம் வாங்கியவர்கள். மூதூரில் ஆடு வளர்க்கும் என் மாமா அதன் வாயைத் திறந்து பார்த்து, 'பல் நீண்டு போயிருக்கு, இது நல்ல கிழட்டு முயல்' என்கிறார். எடை 2.6 கிலோ. நகங்கள் நீளமாக இருக்கின்றன, கழுத்தின் கீழ் தோல் மடிந்து தொங்குகிறது. சரியான வயதை எப்படி அறிவது?"

உங்கள் மாமா ஆட்டுக்குச் செய்துவரும் சோதனை சரியானதே. ஆட்டின் கீழ்த்தாடையில் முன்பக்கப் பால்பற்கள் ஒரு வயதைத் தாண்டியபின் சோடி சோடியாக விழுந்து நிலைப்பற்கள் முளைப்பதாலும், நான்கு வயதளவில் அந்த மாற்றம் முடிந்தபின் பற்கள் தேயத் தொடங்குவதாலும், பல்லைப் பிடித்துப் பார்த்தே வயதைச் சொல்லிவிடலாம். முயலில் இது நடப்பதில்லை. அதன் பால்பற்கள் பிறந்து ஒரு மாதமளவில் முற்றாக மறைந்துவிடுகின்றன. அதன்பின் வரும் 28 பற்களும் வாழ்நாள் முழுதும் வேரிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கின்றன. முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் வளரும். புல்லை அரைக்க அரைக்க அவை தேய்வதால், ஆறு மாதக் குட்டிக்கும் ஆறு வயது முயலுக்கும் பல் ஒரே அளவில் நிற்கும். ஆகவே முன்பற்கள் உண்மையிலேயே நீண்டிருந்தால் அதற்கு வயது காரணமன்று. தாடை ஒழுங்காகப் பொருந்தவில்லை, அல்லது நார்த்தன்மையுள்ள உணவு போதவில்லை என்றே கொள்ள வேண்டும். மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்குச் சற்று முன்னால் உளிபோல் வந்து பொருந்துகின்றனவா என்று உதட்டை மெல்ல விலக்கிப் பாருங்கள். பொருந்தாவிட்டால் வயதை விட்டுவிட்டு முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

முயலின் வயதை ஓரளவு துல்லியமாகச் சொல்லக்கூடிய காலம் அதன் முதல் எட்டு மாதங்கள் மட்டுமே. மயிரும் பார்வையும் இன்றிப் பிறக்கும் குட்டிக்கு 10 முதல் 12 நாட்களில் கண் திறக்கிறது. ஆண் குட்டிக்கு ஏறத்தாழ மூன்று மாதத்தில் விதைகள் இறங்குகின்றன. (முயல் பயந்தால் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் ஒருமுறை பார்த்துப் பெட்டை என்று முடிவு செய்துவிடக் கூடாது.) நாலைந்து மாதமளவில் குட்டிமயிர் உதிர்ந்து புதுமயிர் வருகிறது. கால் எலும்புகளின் முனையிலுள்ள வளரும் குருத்தெலும்புப் பகுதி எட்டு, ஒன்பது மாதமளவில் எலும்பாகி மூடிவிடுகிறது. எக்ஸ்ரே படத்தில் அந்தக் கோடு தெரிந்தால் முயல் இன்னும் ஒரு வயதை எட்டவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். தெரியாவிட்டால் எட்டு மாதமும் இருக்கலாம், எட்டு வயதும் இருக்கலாம். இதற்காக மட்டும் படம் எடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வளர்ந்த முயலில் பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்தே மதிப்பிட வேண்டும். அவற்றில் தனியே நம்பத்தக்கது எதுவுமில்லை. குட்டியின் நகம் ஊசிபோல் கூர்மையாக, பாதமயிருக்குள் மறைந்திருக்கும். வயது ஏற ஏற மயிருக்கு வெளியே நீண்டு, தடித்து, நுனி வளைந்து, வெட்டும்போது சிலும்பு சிலும்பாக உடையும். ஆனால் அலஸ்தோட்டத்து மணலில் ஓடித் தோண்டும் முயலின் நகம் தானே தேய்ந்துவிடும், கம்பிக்கூட்டில் கிடக்கும் ஒரு வயது முயலின் நகமோ கிழட்டு முயலுடையதைப் போல வளைந்திருக்கும். பின்னங்காலைத் திருப்பி, குதிப் பகுதியில் மயிர் தேய்ந்து தோல் காய்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கும் வயதைவிடக் கம்பித் தளமும் உடற்பருமனுமே பெரும்பாலும் காரணம். தொங்கும் கழுத்துமடிப்பு, மாட்டின் அலைதாடியைப் போன்றது. அது பருவமடைந்த பெண் முயல்கள் பலவற்றுக்கு வருவதால், உங்கள் முயல் குட்டியன்று என்பதற்கு மேல் எதையும் சொல்லாது.

முதுமையைக் கண்ணைவிடக் கை நன்றாக அறியும். முதுகெலும்பின் மேல் விரல்களை மெல்ல ஓட்டுங்கள். இளம் முயலில் எலும்பு முனைகள் தசைக்குள் வட்டமாகத் தட்டுப்படும். ஐந்தாறு வயதைக் கடந்த முயலில் இருபுறத் தசையும் வற்றி, எலும்பு சீப்பின் பற்களைப் போல நெருடும். அதனுடன் தாவுவதற்குப் பதிலாகத் தயங்கி நடப்பது, பின்புறத்தை நக்கிச் சுத்தம் செய்ய வளைய முடியாமல் அங்கு அழுக்குப் படிவது, கண்மணியில் நீலம்படர்ந்த மங்கல் ஆகியவையும் சேர்ந்தால் வயது முதிர்ந்த முயல் என்று கொள்ளலாம். ஒரு கண்ணில் மட்டும் வெள்ளை படர்ந்திருந்தால் அதை முதுமை என்று எண்ண வேண்டாம். தாயின் வயிற்றிலேயே தொற்றும் ஒருவகை நுண்கிருமி இளம் முயல்களின் கண்வில்லையைத் தாக்குவதுண்டு. இந்தச் சோதனையைக் காலையிலேயே செய்யுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில், நம் ஊர் நடுப்பகலில், எந்த முயலும் கால் நீட்டிப் படுத்துச் சோர்ந்து கிழடாகவே தோன்றும்.

பழைய படங்களையும் தேடச் சொல்லுங்கள். முன்னர் வளர்த்தவர்களின் கைப்பேசியிலேயே முயலின் முதற்படம் எந்த நாளில் எடுக்கப்பட்டது என்று பார்க்கச் சொல்வது நல்லது. வட்ஸ்அப்பில் அனுப்பினால் உங்கள் கைப்பேசி பெரும்பாலும் அது வந்து சேர்ந்த நாளையே காட்டும். அந்தப் படத்திலேயே முயல் முழு வளர்ச்சியுடன் இருந்தால், அன்றிலிருந்து இன்றுவரையான காலத்துடன் எட்டு மாதத்தைக் கூட்டுங்கள். அது குறைந்தபட்ச வயது. என் அனுபவத்தில், மற்ற அடையாளங்கள் எல்லாவற்றையும்விட இதுவே பயன்பட்டிருக்கிறது.

உங்கள் முயலைப் பொறுத்தவரை, முதுகில் தசை நிறைந்தும் கண் தெளிவாகவும் இருந்தால், ஒரு வயதுக்கு மேல், ஐந்து வயதுக்குள் என்று எழுதி வையுங்கள். அயல்வீட்டார் சொன்ன இரண்டு வயதை மறுக்க நகமும் கழுத்துமடிப்பும் போதா. வீட்டு முயல்கள் பொதுவாக 8 முதல் 12 ஆண்டுகள் வாழ்வதால் இன்னும் நெடுங்காலம் உங்களுடன் இருக்கக்கூடும். உணவு முறைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். வளரும் குட்டிக்குக் குளிகைத் தீனியைத் தாராளமாக வைக்கலாம். வளர்ந்த முயலுக்கு அதை அளவாகக் கொடுத்து, கினிப்புல் போன்ற புல்லையே முதன்மை உணவாக்க வேண்டும்.

வயது தெரியாத பெண் முயலில் நான் அதிகம் கவலைப்படுவது கருப்பையைப் பற்றியே. கருப்பை நீக்கப்படாத முயல்களில் மூன்று, நான்கு வயதுக்குப் பின் அங்கு புற்றுநோய் மிகச் சாதாரணமாக வருகிறது. இலைதழைகளின் நிறமிகளால் சிறுநீர் முழுதும் ஒரே சீராகச் செம்மண் நிறத்தில் போவது இயல்பு, அதற்குப் பதற வேண்டாம். ஆனால் சிறுநீரின் முடிவில் தனியாக இரத்தச் சொட்டோ கட்டியோ விழுந்தால், அதை ஒரு வெள்ளைத் துணியில் ஒற்றியெடுத்து, முயலுடன் அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.