இந்த வெர்ஷன் எங்கிருந்து வந்தது? லினக்ஸ் பேக்கேஜ் மோதல்கள்: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகள் பற்றியவை. அதனால் அவற்றில் பேக்கேஜ்களை (மென்பொருள் பொதிகளை) நிறுவும் ஆப்ட், அதற்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜி இரண்டையும் வைத்தே அதிகம் பேசியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, உபுண்டு 22.04-ல் ஒரு டெப் ஃபைலை (பேக்கேஜ் அடங்கிய ஃபைல்) நிறுவப் போனால் "ஹெல்டு புரோக்கன் பேக்கேஜஸ்" என்று சொல்லி நின்றுவிடுகிறது. நான் எதையும் ஹோல்ட் (வெர்ஷன் மாறாமல் நிறுத்திவைப்பது) செய்யவே இல்லையே?

பதில்: செய்திருக்க மாட்டீர்கள். அந்த வரி பலரையும் குழப்புகிறது. சந்தேகம் இருந்தால் "ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்" கொடுத்துப் பாருங்கள், அநேகமாக ஒன்றும் வராது. விஷயம் அதற்கு மேலே "டிபெண்ட்ஸ்" (இதற்கு இது தேவை) என்று தொடங்கும் வரிகளில் இருக்கிறது. அந்த வரி எப்படி முடிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

"நாட் இன்ஸ்டாலபிள்" என்று முடிந்தால், உங்கள் களஞ்சியங்கள் (ஆப்ட் பேக்கேஜ்களை எடுக்கும் இடங்கள்) எதிலுமே அந்தப் பேக்கேஜ் இல்லை. "நாட் கோயிங் டு பி இன்ஸ்டால்டு" என்று முடிந்தால் பேக்கேஜ் இருக்கிறது, ஆனால் அதற்குத் தேவையான வேறொன்று தடுக்கிறது. அப்போது அந்தப் பேக்கேஜின் பெயரை மட்டும் தனியாக நிறுவச் சொல்லுங்கள். அடுத்த தடை தெரியவரும். இப்படி இரண்டு மூன்று படி இறங்கினால் உண்மையான காரணம் கையில் கிடைத்துவிடும். மூன்றாவது வகையில் "இந்த வெர்ஷன் வேண்டும், ஆனால் அந்த வெர்ஷன்தான் நிறுவப்படும்" என்று எண்களோடு வரும். கேட்ட எண் பெரிதாக இருந்தால், அந்த டெப் உங்களுடையதைவிடப் புதிய வெளியீட்டுக்காகக் கட்டப்பட்டது.

நீங்கள் அனுப்பிய பிழைச் செய்தியில் லிப்எஸ்எஸ்எல் 1.1 (ஓப்பன்எஸ்எஸ்எல்லின் லைப்ரரி, அதாவது பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் ஒன்று) "நாட் இன்ஸ்டாலபிள்" என்று இருக்கிறது. 22.04-ல் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 வந்து, பழைய 1.1 எடுக்கப்பட்டுவிட்டது. ஆக, உங்கள் டெப் 20.04 காலத்தது. பழைய உபுண்டுவிலிருந்து அந்த ஒரு லைப்ரரியை மட்டும் எடுத்துப் போட்டால் வேலை செய்யும், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவும் செய்யும். ஆனால் அதற்கு உங்கள் களஞ்சியத்திலிருந்து பாதுகாப்பு அப்டேட் எதுவும் வராது. என்க்ரிப்ஷன் லைப்ரரி விஷயத்தில் அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அதே மென்பொருளின் 22.04 டெப்பைத் தேடுங்கள், இல்லையென்றால் சிஸ்டத்தின் லைப்ரரிகளைச் சாராத ஃபிளாட்பேக் வடிவம்.

கேள்வி: ஒரு மென்பொருள் லிப்சி6 (சி மொழியின் அடிப்படை லைப்ரரி) 2.38 வேண்டும் என்கிறது, என்னிடம் 2.35 இருக்கிறது. அதை மட்டும் ஏற்றிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கணினியில் இருக்கும் ஏறக்குறைய எல்லா நிரலும், ஷெல் உட்பட, லிப்சி மேல்தான் நிற்கிறது. பாதி வழியில் அது உடைந்தால் சரிசெய்வதற்கான கட்டளைகூட ஓடாது. டிஸ்ட்ரோபாக்ஸ் போன்ற கருவியால் ஒரு கன்டெய்னருக்குள் (தனக்கென்று லைப்ரரிகள் கொண்ட தனிச் சூழல்) புதிய வெளியீட்டை வைத்து, அங்கே அந்த மென்பொருளை ஓட்டுங்கள்.

கேள்வி: வைன் (விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டுவது) நிறுவ 32 பிட் லைப்ரரிகள் தேவை. ஐ386 எனும் 32 பிட் வகையைச் சேர்த்துவிட்டேன். ஆனாலும் பத்து இருபது லைப்ரரிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. முன்பு ஒரு பிபிஏ (உபுண்டுவுக்கு வெளியார் நடத்தும் களஞ்சியம்) சேர்த்திருந்தேன், பிறகு எடுத்துவிட்டேன்.

பதில்: கடைசி வரியில் நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். பிபிஏ-வை எடுத்தால் களஞ்சியம்தான் போகும், அங்கிருந்து வந்த பேக்கேஜ்கள் அப்படியே தங்கிவிடும். ஒரே லைப்ரரியின் 64 பிட், 32 பிட் இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டுமானால் இரண்டும் அச்சு அசலாக ஒரே வெர்ஷனாக இருக்க வேண்டும். உங்களிடம் 64 பிட் லைப்ரரி பிபிஏ-விலிருந்து வந்த உயர்ந்த வெர்ஷன். 32 பிட் லைப்ரரி உபுண்டுவின் சாதாரண வெர்ஷனில்தான் கிடைக்கிறது. அதனால்தான் மோதல்.

மோதும் லைப்ரரி ஒன்றின் பெயரைக் கொடுத்து "ஆப்ட் பாலிசி" ஓட்டுங்கள். முதலில் "இன்ஸ்டால்டு", "கேண்டிடேட்" என்று இரண்டு வரி, கீழே வெர்ஷன் பட்டியல். மூன்று நட்சத்திரம் போட்டிருப்பதுதான் இப்போது இருக்கும் வெர்ஷன். அதன் கீழே களஞ்சிய முகவரி எதுவுமே இல்லாமல், 100 என்ற முன்னுரிமை எண்ணோடு டிபிகேஜியின் ஸ்டேட்டஸ் ஃபைல் மட்டும் இருந்தால், அந்த வெர்ஷன் இன்று எந்தக் களஞ்சியத்திலும் இல்லை என்று அர்த்தம். அதாவது அநாதை. எந்த மோதலுக்கும் நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு வரியைத்தான்.

தீர்வு: அதே பட்டியலில் 500 என்ற எண்ணோடு இருக்கும் உபுண்டு வெர்ஷனைக் குறித்துக்கொண்டு, நிறுவும்போது பேக்கேஜ் பெயருக்குப் பின் சமக்குறி போட்டு அந்த வெர்ஷனைக் கொடுங்கள். தொடர்புடைய லைப்ரரிகளை ஒரே கட்டளையில் சேர்த்துக் கொடுப்பது நல்லது, ஒவ்வொன்றாகப் போனால் மறுபடி மோதும். அடுத்த முறை பிபிஏ-வை நீக்கும்போது பிபிஏ-பர்ஜ் பயன்படுத்துங்கள். அது பேக்கேஜ்களையும் பழைய வெர்ஷனுக்குத் திருப்பிவிடும்.

கேள்வி: ஒரு சின்ன கருவியை நிறுவக் கேட்டால் 140 பேக்கேஜ்களை நீக்கப் போவதாகச் சொல்கிறது. ஒய் (ஆம்) கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை அவசரத்தில் கொடுத்திருக்கிறேன். பட்டியல் திரையில் ஓடி மறைந்தது, படிக்கவில்லை. மறுமுறை பூட் ஆனபோது டெஸ்க்டாப்பே இல்லை, கறுப்புத் திரையில் லாகின் கேட்டது. நல்ல வேளையாக, வார் லாக் ஆப்ட் ஃபோல்டரில் ஹிஸ்டரி லாக் என்று ஒரு ஃபைல் இருக்கிறது. அன்றைய தேதிக்குக் கீழே "ரிமூவ்" என்ற வரியில் போனவை எல்லாம் பெயர், வெர்ஷனோடு இருந்தன. முதலில் மோதலுக்குக் காரணமான களஞ்சியத்தை நிறுத்திவிட்டு, பிறகு அந்தப் பெயர்களை மறுபடி நிறுவினேன். ஓர் இரவு போயிற்று.

அன்றிலிருந்து பெரிய மாற்றம் எதுவானாலும் முதலில் "சிமுலேட்" ஆப்ஷனோடு ஓட்டிப் பார்க்கிறேன். அது எதையும் தொடாது, என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லும். "ஆப்டிட்யூட்" (ஆப்ட் போன்ற இன்னொரு கருவி) வைத்திருந்தால் இன்னும் வசதி. முதல் தீர்வுக்கு "வேண்டாம்" என்றால் அடுத்த தீர்வைக் காட்டும். "ஒய்-நாட்" என்று கேட்டால் ஒரு பேக்கேஜை எது தடுக்கிறது என்றும் சொல்லும்.

கேள்வி: "கெப்ட் பேக்" என்று சில பேக்கேஜ்கள் அப்படியே நிற்கின்றன. ஃபுல்-அப்கிரேடு போட்டுத் தள்ளிவிடலாமா?

பதில்: பெரும்பாலும் காத்திருந்தாலே போதும். உபுண்டு சில அப்டேட்களை எல்லோருக்கும் ஒரே நாளில் தராமல் படிப்படியாகத் தருகிறது. உங்கள் முறை வரும்வரை அவை நிற்கும். அதுவல்லாமல், எதையாவது நீக்கினால்தான் ஏற்ற முடியும் என்றாலும் "அப்கிரேடு" நிறுத்திவைக்கும், ஏனென்றால் அது எதையும் நீக்காது. "ஃபுல்-அப்கிரேடு" நீக்கும். போடலாம், பட்டியலைப் படித்துவிட்டு.

கேள்வி: உபுண்டு 24.04-ல் லிப்அசவுண்ட்2 (ஒலிக்கான லைப்ரரி) கேட்டால் "விர்ச்சுவல் பேக்கேஜ்" (பெயர் மட்டும் உள்ளது) என்கிறது. எங்கே போயிற்று?

பதில்: பெயர் மாறிவிட்டது, கடைசியில் டி64 (64 பிட் நேரம்) சேர்த்துக் கேளுங்கள். 32 பிட்டில் நேரத்தைக் குறிக்கும் எண் 2038 ஜனவரி 19-ல் நிரம்பி வழிந்துவிடும். அதற்கு முன்னேற்பாடாக 2024-ல் டெபியனும் உபுண்டுவும் ஏராளமான லைப்ரரிகளை மறுபடி கட்டி இந்தப் பின்னொட்டைச் சேர்த்தன.

கேள்வி: ஒரு ஃபைலை "ஓவர்ரைட்" செய்ய முயல்கிறது, அது வேறு பேக்கேஜிலும் இருக்கிறது என்று பிழை வருகிறது. ஃபோர்ஸ் (கட்டாயப்படுத்தல்) கொடுக்கலாமா?

பதில்: இது சார்பு மோதல் (ஒரு பேக்கேஜுக்குத் தேவையான இன்னொன்று பொருந்தாத நிலை) இல்லை. இரண்டு பேக்கேஜ்கள் ஒரே ஃபைலுக்குச் சொந்தம் கொண்டாடுகின்றன. இரண்டுக்கும் பாலிசி பாருங்கள். ஒன்று வெளிக் களஞ்சியத்திலிருந்து வந்திருந்தால் அதை நீக்குங்கள். இரண்டும் அதே டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் வகையின்) சொந்தப் பேக்கேஜ்களாக இருந்து, வெளியீடு மாறும்போது ஃபைல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடம் மாறியிருந்தால் மட்டும் ஃபோர்ஸ் கொடுப்பதில் தவறில்லை.

கேள்வி: பிப் (பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) வழியாக எதையும் நிறுவ விடமாட்டேன் என்கிறது டெபியன் 12. பழையபடி ஆக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் ஆக்காதீர்கள். சிஸ்டத்தின் பைத்தானை ஆப்ட் நிர்வகிக்கிறது. பிப் உள்ளே வந்து வெர்ஷனை மாற்றினால் ஆப்டுக்குத் தெரியாது. ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் ஒரு வென்வ் (தனிப் பைத்தான் சூழல்) வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆர்ச் லினக்ஸில் ஒரே ஒரு பேக்கேஜ் நிறுவியதும் வேறு நிரல்கள் லைப்ரரி காணோம் என்கின்றன.

பதில்: ஆர்ச்சில் ஆப்டின் இடத்தில் இருக்கும் பேக்மேனுக்கு "எஸ்ஒய்" மட்டும் கொடுத்திருப்பீர்கள். பட்டியல் புதிது, சிஸ்டம் பழையது. ஆர்ச் இந்தப் பாதி அப்டேட்டை ஆதரிப்பதில்லை. "எஸ்ஒய்யு" கொடுத்து முழுவதையும் ஏற்றிவிடுங்கள், அநேகமாகச் சரியாகிவிடும்.

கேள்வி: நிறுவும்போது பாதியில் மின்சாரம் போய்விட்டது. இப்போது எதைக் கேட்டாலும் டிபிகேஜி தடைபட்டதாகச் சொல்கிறது. லாக் (பூட்டு) ஃபைலை அழித்துவிடவா?

பதில்: லாக் ஃபைலைத் தொட வேண்டாம். பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, ஓடினால் முடிய விடுங்கள். அப்புறம் டிபிகேஜிக்கு "கான்ஃபிகர்" ஆப்ஷனும் "ஏ"-வும் கொடுத்து ஓட்டுங்கள், பாதியில் நின்றவற்றை அது முடித்துவைக்கும். சார்பு ஏதாவது விடுபட்டிருந்தால் "ஃபிக்ஸ்-புரோக்கன்" ஆப்ஷனோடு ஆப்ட் இன்ஸ்டால். இந்த வரிசையை மாற்றாதீர்கள். அதற்குப் பிறகும் நின்றால், முழுப் பிழைச் செய்தியையும் முதல் வரியிலிருந்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.