ஒரு நாள் பிழிகிறது, மறுநாள் முனகுகிறது: வாஷிங் மெஷினுக்கு என்ன கோளாறு?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். எங்கள் 6.5 கிலோ டாப் லோடு வாஷிங் மெஷினுக்கு ஆறு வயது. துவைப்பதும் அலசுவதும் ஒழுங்காக நடக்கிறது. பிழியும் நேரத்தில்தான் தகராறு. சில நாள் 'ம்ம்' என்று முனகிவிட்டு நின்றுவிடுகிறது. சில நாள் திரும்பவும் தண்ணீர் பிடித்து அலச ஆரம்பிக்கிறது. மற்ற நாளெல்லாம் நன்றாகச் சுற்றுகிறது. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து தொல்லை அதிகம். பார்க்க வந்தவர், மெஷினை இயக்கும் எலெக்ட்ரானிக் போர்டு போய்விட்டது என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதிலேயே இரண்டு தனித்தனிக் கோளாறு தெரிகிறது. முனகி நிற்பது ஒன்று, தண்ணீர் பிடிப்பது இன்னொன்று. போர்டைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன, பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை.

தண்ணீர் பிடிப்பதை முதலில் பார்ப்போம். டப் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடினால் மெஷின் பிழிவதை நிறுத்தி, கொஞ்சம் தண்ணீர் பிடித்து, துணியைக் கலைத்துவிட்டு மறுபடி முயலும். இரண்டு மூன்று தடவை பார்த்தும் முடியாவிட்டால்தான் நின்றுவிடும். பல மெஷின்களில் அப்போது திரையில் 'யூஇ' என்று வரும். இது பழுதே அல்ல, பாதுகாப்பு. மழைக்காலத்தில் நீங்கள் போடும் துணியை யோசித்துப் பாருங்கள்: ஸ்வெட்டர், ஷால், கம்பளி. கம்பளி தண்ணீரைக் குடித்தபின் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும், அதுவும் ஒரே பக்கமாகச் சுருண்டு கிடக்கும். கம்பளியைத் தனியாகப் போடாதீர்கள். டப்பின் சுவரை ஒட்டி வளையமாகப் பரப்பி, கனம் குறைந்த பக்கத்தில் இரண்டு டர்க்கி டவலை வையுங்கள். ரெயின்கோட், தார்ப்பாய், பிளாஸ்டிக் பூசிய விரிப்பு எதையும் பிழியவே போடக் கூடாது. உள்ளே தேங்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நின்று, முழு வேகத்தில் திடீரென்று இடம் மாறும்போது மெஷினே எகிறிக் குதிக்கும்.

தரையையும் பாருங்கள். மலைச்சரிவில் கட்டிய வீடுகளில் மெஷின் நிற்பது பெரும்பாலும் பின்பக்கத் தாழ்வாரத்தில். அங்கே தண்ணீர் ஓடுவதற்காகத் தரையையே சரிவாகப் போட்டிருப்பார்கள். மெஷினின் எதிரெதிர் மூலைகளை மாறி மாறி அழுத்துங்கள், துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. ஆடினால் காலைத் திருகி உயரத்தைச் சரிசெய்து, அதன் லாக் நட்டை மேல்நோக்கி இறுக்குங்கள். அடியில் மரக்கட்டை வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஈரத்தில் ஊறி ஒரு பக்கம் அமுங்கிவிடும்.

அடுத்தது நுரை. ஓடைத் தண்ணீரோ மழைநீரோ உங்கள் குழாயில் வந்தால் அது மென்னீர். சமவெளியின் உப்புத் தண்ணீருக்குப் போடும் அளவு பவுடரை இதில் போட்டால் நுரை, துணி கிடக்கும் உள் டப்புக்கும் தண்ணீர் நிற்கும் வெளி டப்புக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு பிரேக் பிடித்தமாதிரி இழுக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதி போதும். அதையும் ஒரு சொம்பு வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள், குளிர்ந்த நீரில் பவுடர் முழுதாகக் கரையாது. நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்ற நம்பிக்கை சோப்பு விற்கிறவருக்கு மட்டும் லாபம். துணியும் சோப்பும் இல்லாமல் வெறும் வெந்நீரில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். அப்போதும் நுரை வந்தால் பழைய சோப்பு உள்ளே படிந்திருக்கிறது.

இனி முனகல். அது எந்த நேரத்தில் வருகிறது? காலை ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில் என்றால், உங்கள் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் கீசர் ஓடும் நேரம் அது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால், இந்த வகை மோட்டாரின் இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்து சுமார் 61 சதவீதத்துக்கு வந்துவிடும். துவைக்கும்போது கியர் வழியாக வேகத்தைக் குறைத்து ஓட்டுவதால் அது தெரியாது. கனத்த டப்பை நின்ற நிலையிலிருந்து கிளப்பும்போதுதான் மோட்டார் திணறும். அதனால்தான் துவைப்பது சரியாக இருந்து பிழிவது மட்டும் மக்கர் செய்கிறது. எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி, பிழிய ஆரம்பிக்கும் அந்த நொடியில் பிளக் பாயின்டில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 190-க்குக் கீழே சரிந்தால் கோளாறு மெஷினில் இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு நேராகச் சுவரில் சொருகுங்கள். பிளக்கின் பின் கருத்திருந்தால் சாக்கெட்டையே மாற்றுங்கள். கீசர் ஓடாத மதிய வேளையில் நாலு நாள் துவைத்துப் பார்ப்பதும் நல்ல சோதனைதான்.

மதியத்திலும் முனகினால், மோட்டாரைக் கிளப்ப உதவும் கெபாசிட்டரைச் சந்தேகப்படலாம். மோட்டார் பக்கத்தில் வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் இருக்கும் சின்ன உருளை அது. மேலேயே அளவு அச்சிட்டிருக்கும். 10 மைக்ரோஃபாரட் என்று போட்டிருந்து மீட்டரில் 9-க்குக் கீழே காட்டினால் அதே அளவில் புதிது போடுங்கள். கூட்டியோ குறைத்தோ போடக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும். ஒரு குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் அதன் முனைகளில் தொட்டு இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இதைத் தெரிந்தவர் செய்வதே நல்லது.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் டப் அசையாவிட்டால் பெல்ட். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் அமுங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தாலோ பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தாலோ மாற்றவும். பனி இறங்கும் தாழ்வாரத்தில் ஈரம் பட்ட பெல்ட் வழுக்குவதும் உண்டு. பெல்ட் நன்றாக இருந்தால், தண்ணீர் வெளியேறும்போது டிரெயின் மோட்டார் தன் கம்பியை முழுதாக இழுக்கிறதா என்று பின்மூடியைக் கழற்றிக் கண்ணால் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கம்பிதான் தண்ணீரையும் திறந்துவிடுகிறது, பிரேக்கையும் விடுவிக்கிறது. பாதி இழுத்தால் தண்ணீர் போகும், டப் சுற்றாது.

சத்தமே இல்லாமல் நின்றால் மூடி சுவிட்ச். நிற்கும் சமயம் மூடியை லேசாக அழுத்திப் பாருங்கள். உடனே கிளம்பினால், ஈரத்தில் அதன் முனை பச்சை பூத்திருக்கும். விலை குறைந்த பாகம், மாற்றிவிடுங்கள். தண்ணீர் வடியவே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் டிரெயின் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது வாசல்படி மேல் ஏறி இறங்குகிறது. பம்ப் இல்லாத மெஷினில் குழாய் தரையோடு தரையாகப் போக வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு போர்டு. அதையும் மாற்றுவதற்கு முன் கனெக்டர்களைக் கழற்றி, பச்சை படிந்திருந்தால் துடைத்து, காயவைத்துத் திரும்பச் சொருகிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒயர் எங்காவது கடிபட்டிருக்கிறதா என்றும் அப்படியே பார்க்கட்டும். குளிருக்கு ஒதுங்கும் எலிக்கு மெஷினின் அடிப்பக்கம் வசதியான இடம், ஒரு துண்டு கம்பிவலை அடித்துவிட்டால் அதற்கு வழி அடைபடும்.