வேப் கருவியில் (மின்சிகரெட்) திரவத்தை ஆவியாக்கும் கம்பிச்சுருளான காயில் சீக்கிரம் சூடேற, காந்தாலை விட்டு நைக்ரோம் கம்பிக்கு மாறலாமா?

நீங்களும் வாட் அளவை நாமே நிர்ணயிக்கும் கருவியைத்தான் வைத்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். அப்படியானால், கம்பியின் உலோகத்தை மட்டும் (காந்தால் ஓர் இரும்புக் கலவை, நைக்ரோம் ஒரு நிக்கல் கலவை) மாற்றுவதால் உங்கள் காத்திருப்பு குறையாது. நைக்ரோமுக்கு மாறச் சொல்லும் அறிவுரையை நம்பி மூன்று மாதங்களை வீணாக்கியவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பதினெட்டு ஆண்டுகள் சிகரெட் பிடித்துவிட்டு, பிரிட்டனுக்கு வந்தபின் வேப்புக்கு மாறியவன் நான். புகைக்காத எவரையும் இதற்கு அழைக்கவில்லை. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இதன் விற்பனையே குற்றம் என்பதையும் அறிவேன்.

அப்போது நான் பயன்படுத்தியது, இரண்டு 24 கேஜ் (கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும்) காந்தால் கம்பிகளின்மேல் 36 கேஜ் மெல்லிழையை நெருக்கமாகச் சுற்றிய கிளாப்டன் காயில். சுவை நன்றாக இருக்கும். ஆனால் 45 வாட்டில் பொத்தானை அழுத்தினால் ஆவி எழத் தாமதமாகும். நைக்ரோம் 80 (80 விழுக்காடு நிக்கல் உள்ள வகை) உடனே சூடேறும் என்றார் கடைக்காரர். அதே அளவில் வாங்கிப் பொருத்தினேன். தாமதம் அப்படியே இருந்தது. மீண்டும் போய்க் கேட்டபோது, வாட்டைக் கூட்டுங்கள் என்றாரே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை. விற்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

காரணம் எளிது. கருவி தருவது 45 வாட் என்றால், எந்தக் கம்பிக்கும் அதே 45 வாட்தான். இரண்டு உலோகங்களின் வெப்ப ஏற்புத்திறனும், அதாவது ஒரு கிராமை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான ஆற்றலும், ஏறத்தாழ 0.46 ஜூல்தான், ஆனால் காந்தாலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.1 கிராம், நைக்ரோமுடையது 8.3. ஆகவே ஒரே அளவுள்ள காயிலில் நைக்ரோமே கனமானது, சூடேற்ற வேண்டிய உலோகமும் அதில்தான் அதிகம்.

நைக்ரோமுக்கு மாறிப் பயன் கண்டவர்கள் பொய் சொல்லவில்லை. வாட்டைக் கட்டுப்படுத்தும் சுற்று இல்லாமல் மின்கலத்தை நேரடியாகக் காயிலோடு இணைக்கும் ‘மெக்கானிக்கல் மாட்’ என்ற கருவியில் மின்தடைதான் வாட்டைத் தீர்மானிக்கிறது. 26 கேஜ் கம்பியை 3 மில்லிமீட்டர் விட்டத்தில் ஏழு சுற்றுச் சுற்றினால் காந்தால் ஏறத்தாழ 0.96 ஓம், நைக்ரோம் 0.72 ஓம் வரும், 4.2 வோல்ட்டில் முன்னது 18 வாட்டும் பின்னது 24 வாட்டும் இழுக்கும். எடை கூடினாலும் அங்கே நைக்ரோம் முந்திவிடும்.

பிறகு என் கிளாப்டனை நகை எடைபோடும் சிறு தராசில் வைத்துப் பார்த்தேன்: சுமார் 400 மில்லிகிராம். மேலே சொன்ன 26 கேஜ் ஒற்றைக் காந்தால் காயில் 80 மில்லிகிராம்கூட இல்லை. தாமதத்துக்குக் காரணம் இந்த எடைதான். இப்போது அந்த ஒற்றைக் காயிலையே 25 வாட்டில் பயன்படுத்துகிறேன். ஆவியின் அளவு குறைவுதான், ஆனால் பொத்தானை அழுத்தியதும் வந்துவிடுகிறது. கிளாப்டனின் சுவையை விட மனமில்லையென்றால், கருவியில் முன்சூடேற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஒரு நொடிக்கு மட்டும் கூடுதல் வாட் கொடுத்தால் போதும்.